கடல் வேட்டையின் கணக்கேடு

(சாணக்யபுரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் இருப்புப்பாதை எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் இம்மேடையிலே அரிய உரைகளை ஆற்றி அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின், பள்ளி இறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதையின் பார்சல் ஆபீசிலே எடையும் தூரமும் கட்டணமும் எழுதிக் காலந்தள்ளும் எழுத்தன் ஒருவனை நம் செயலாளர் ஏற்றிவிட்டிருக்கிறார். அது போதாதென்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு கணிப்பொறி விளையாட்டு. அதிலும் பழங்காலத் திமிங்கில வேட்டையைப் பாவனை செய்து ஆடும் விளையாட்டு. கடலுக்கு நெடுந்தூரத்தில் இருக்கும் தில்லியில் கடல் வேட்டையா என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் நகைத்திருப்பீர்கள்.

நகைப்பதற்கு முன் நம் சாணக்யபுரியைச் சற்று மனக்கண்ணால் நோக்குங்கள். இங்குள்ள பெருஞ்சாலைக்குச் சாந்தி பத், அதாவது அமைதிப் பாதை, என்று பெயர். அச்சாலையிலே அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது, பிரித்தானிய ஹை கமிஷன் இருக்கிறது, நார்வே இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது, ரஷ்யாவும் இருக்கிறது. உலகக் கடல்களையெல்லாம் சல்லடையிட்டுத் திமிங்கிலங்களைக் கொன்ற நாடுகளின் பட்டியலை எழுதச் சொன்னால், நூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை. அச்சாலையிலே நடந்து பெயர்ப் பலகைகளைப் பார்த்தே பெரும்பகுதியை எழுதிவிடலாம். அவற்றுள் இரண்டு நாடுகள் இன்றும் வாணிகத்துக்காக வேட்டையாடுகின்றன. நார்வே 1993-ல் மீண்டும் தொடங்கியது. ஜப்பான் 2019-ல் அனைத்துலகத் திமிங்கில ஆணையத்தை விட்டு விலகி, அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலேயே கப்பல்களை அனுப்பியது. ஆகவே இப்பொருள் நமக்கு அடுத்த தெருவின் பொருள்தான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். பாவனை விளையாட்டு என்றால் என்னவென்று வினவும் பெரியோர்களுக்கு விடை அருகிலேயே இருக்கிறது. 1977-ல் திறக்கப்பெற்ற நம் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள், அங்கே இருந்த இடத்திலேயே ரயில் ஓட்டிப் பார்க்கும் பொறியைக் கண்டிருப்பீர்கள். எதிரே திரையிலே தண்டவாளம் ஓடும். கையிலே பிடி இருக்கும். வண்டியோ நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகராது. அதுபோன்றதே இதுவும். இதன் பெயர் 'நான்டக்கெட்'. இத்தாலி நாட்டைச் சேர்ந்த பிக்கரெஸ்க் ஸ்டுடியோ என்னும் சிறு குழுவினர் செய்து 2018-ல் வெளியிட்டது. ஹெர்மன் மெல்வில் 1851-ல் வெளியிட்ட 'மோபி டிக்' என்னும் புதினத்தின் இறுதியில் கப்பல் மூழ்கி, இஷ்மேல் என்னும் ஒருவன் மட்டும் பிழைக்கிறான் அல்லவா? அவனே இவ்விளையாட்டின் நாயகன். ஆடுபவர் அவனாக மாறி, கப்பல் ஒன்றைப் பெற்று, ஆட்களைச் சேர்த்து, உணவும் குடிநீரும் சாராயமும் ஏற்றிக்கொண்டு, கடல் கடலாகச் சென்று வேட்டையாடித் திரும்ப வேண்டும்.

இதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் தமக்கை மகன். இங்கே கல்லூரியில் பயில்பவன். "மாமா, இது உங்களுக்கென்றே செய்த விளையாட்டு. முக்கால்வாசி கணக்கு எழுதுகிற வேலைதான்" என்றான். பொய் சொல்லவில்லை. வேட்டைக்கட்டம் வரும்போது பகடை உருளும், ஈட்டி பாயும், ஆட்கள் காயமடைவர், சிலர் மாள்வர். எனினும் ஆட்டத்தின் உயிர் அங்கே இல்லை. எத்தனை நாளுக்கு நீர் இருக்கிறது, எத்தனை பேருக்குச் சோறு போட வேண்டும், இன்னும் ஒரு திமிங்கிலத்தைத் தேடிப் போவதா, இருப்பதை விற்றுக் கடனை அடைப்பதா என்னும் கூட்டல் கழித்தலில்தான் இருக்கிறது.

வீட்டிலே புலால் உண்ணாதவன் நான். ஈயை ஓட்டுவதற்கே விசிறியைத் தேடுபவன் என்று என் இல்லாள் பரிகசிப்பாள். அப்படிப்பட்டவன், மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு, கப்பலின் அடித்தட்டு இன்னும் கால்பங்கு காலியாக இருப்பதைக் கண்டு, 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று கப்பலைத் திருப்பினேன். அந்த வேளையில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஓர் உயிர் அன்று. நிரம்பாத ஒரு கட்டம். எண்ணுக்குள்ள இழுப்பு அது. கடலையே காணாத எழுத்தனை அது இழுக்குமானால், அதையே தொழிலாகக் கொண்டவர்களை எவ்வளவு இழுத்திருக்கும் என்று அன்று இரவு படுக்கையிலே எண்ணிப் பார்த்தேன். மறுநாளிலிருந்து உண்மையான நான்டக்கெட்டின் கதையைத் தேடிப் படிக்கலானேன். இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தது பெரிதும் அதையே.

நான்டக்கெட் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சிறு தீவு. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் உலகத்துத் திமிங்கில வாணிகத்தின் தலைநகராக விளங்கிற்று. அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். போரை வெறுத்தவர்கள், எளிய உடை உடுத்தவர்கள், ஆடம்பரத்தைப் பழித்தவர்கள். மனிதனுக்கு எதிராக வாளெடுக்க மறுத்த அம்மக்கள், ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக ஈட்டிகளை அனுப்பினார்கள். இதை எள்ளி நகையாடுவது எளிது. நான் நகையாட வரவில்லை. வீட்டிலே நல்லவர்களாய், கணக்கிலே நாணயமானவர்களாய் வாழ்ந்த அவர்களுக்கு அது வெறும் எண்ணெய்க் கணக்காகவே தோன்றியிருக்க வேண்டும்.

அவர்கள் தேடியது 'ஸ்பெர்ம் வேல்' எனப்படும் பெருந்தலைத் திமிங்கிலம். அதன் தலையினுள்ளே மெழுகு போன்ற எண்ணெய் இருக்கிறது. அதில் செய்த மெழுகுவத்தி புகையின்றி எரிந்தது. அதன் எண்ணெய் குளிரிலும் உறையாமல் இயந்திரங்களின் உராய்வைத் தணித்தது. அமெரிக்காவின் தொடக்க கால ரயில் எஞ்சின்களின் முகப்பு விளக்குகளில் எரிந்ததும் திமிங்கில எண்ணெய்தான். நம் நாட்டு இருப்புப்பாதைகளில் அந்நாளில் விளக்குக்கும் சக்கரத்துக்கும் ஆமணக்கெண்ணெயே பெரிதும் பயன்பட்டது. ஆமணக்கெண்ணெய்க்கு நம்மவர் இட்ட பெயரே விளக்கெண்ணெய் என்பதை நினைவூட்டுகிறேன். நம் முன்னோர் கருணையினால் அவ்வாறு செய்தனர் என்று பெருமை பேச மாட்டேன். ஆமணக்கு வேலியோரத்தில் முளைக்கிறது, அவ்வளவே.

வேட்டை நடந்த முறையைக் கேளுங்கள். கப்பலிலிருந்து இறக்கும் படகிலே ஆறு பேர் இருப்பர். துடுப்பு வலிப்பவர்கள் திமிங்கிலத்துக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார்கள். எதை நோக்கிப் போகிறோம் என்பதை அவர்கள் காண முடியாது. எறியீட்டி தைத்ததும் கயிறு புகையெழ ஓடும். அதிலே கை சிக்கினால் கை போகும், கால் சிக்கினால் ஆளே போவான். 1820 நவம்பர் 20-ஆம் நாள் 'எஸ்ஸெக்ஸ்' என்னும் நான்டக்கெட் கப்பலைப் பசிபிக் மாகடலில் ஒரு திமிங்கிலமே மோதி மூழ்கடித்தது. அதிலிருந்த 20 பேரில் 8 பேரே உயிரோடு மீண்டனர். அவர்களுள் சிலர் இறந்த தோழர்களின் உடலை உண்டு பிழைக்க நேர்ந்தது. பிடிபட்ட திமிங்கிலத்தைக் கப்பலோடு கட்டி, கொழுப்பை உரித்து, மேல்தளத்திலே செங்கல் அடுப்பு மூட்டிக் கொப்பரையில் உருக்குவார்கள். அவ்வடுப்புக்கு விறகு எது தெரியுமா? எண்ணெய் வடிந்தபின் எஞ்சிய திமிங்கிலத் தோலே. தன் உடலைத் தானே காய்ச்சிக் கொடுத்த உயிர் அது. அந்தப் புகையின் நாற்றத்தை எந்தக் கணிப்பொறியும் தருவதில்லை. ஆட்டத்தை மெச்சுகிற நான் இந்தக் குறையையும் சொல்லியாக வேண்டும்.

கூலிக் கணக்குதான் என்னைப் பெரிதும் ஈர்த்தது. திமிங்கிலக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொருவனுக்கும் மொத்த வருவாயில் ஒரு பங்கு. கப்பல் தலைவனுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு என்ற அளவிலே இருந்தால், புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு இருநூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். மெல்வில்லின் இஷ்மேலுக்கு முதலில் சொல்லப்பட்டது எழுநூற்று எழுபத்தேழில் ஒரு பங்கு. பேரம் முடிந்தபின் கிடைத்தது முந்நூற்றில் ஒன்று. பேச்சுக்காக ஒரு கணக்குப் போடுவோம். மூன்றாண்டுப் பயணத்தில் 40,000 டாலர் வந்தது என்று வையுங்கள். இருநூற்றில் ஒன்று என்றால் 200 டாலர். மாதத்துக்கு ஐந்தரை டாலருக்குச் சற்றுக் கூடுதல். அதிலும் முன்பணம் பிடிப்பு, அதற்கு வட்டி, கப்பல் பெட்டியிலிருந்து கடனாக வாங்கிய சட்டைக்கும் புகையிலைக்கும் விலை ஆகியவை போகும். மூன்றாண்டு உயிரைப் பணயம் வைத்துக் கரையேறியவன், முதலாளிக்குக் கடன்காரனாக நின்றதும் உண்டு. சம்பளச் சீட்டின் பிடிப்புப் பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் நம்மவர்க்கு இது விளங்காமற் போகாது.

இன்னொன்று. அக்கப்பல்களின் நாட்குறிப்பு ஏடுகளிலே முத்திரைகள் குத்தப்பட்டிருக்கின்றன. நாள்தோறும் முத்திரை குத்தும் கை என் கை ஆதலால், அவற்றின் படங்களைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒரு திமிங்கிலம் கொல்லப்பட்டால், திமிங்கில வடிவில் செதுக்கிய முத்திரையை மையில் தோய்த்து ஏட்டின் ஓரத்தில் குத்துவார்கள். அம்முத்திரையின் நடுவிலே சிறு இடம் வெற்றாக விடப்பட்டிருக்கும். அது எத்தனை பீப்பாய் எண்ணெய் தந்தது என்பதை அங்கே பேனாவால் எழுதுவார்கள். தப்பியோடிய திமிங்கிலத்துக்கு வேறு முத்திரை. வால் மட்டும் தெரியும் முத்திரை. உயிரின் உருவத்துக்கு நடுவே ஓர் எண்! அதைச் செதுக்கியவன் தன்னை அறியாமலே அவ்வாணிகம் முழுவதையும் ஒரு விரலளவு மரத்தில் செதுக்கிவிட்டான் என்றே எனக்குப் படுகிறது.

நான்டக்கெட் வீழ்ந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். துறைமுகத்தை மணல் மேடு அடைத்தது. 1846-ல் பெருந்தீ ஊரை எரித்தது. 1849-ல் கலிபோர்னியாவின் பொன் இளைஞர்களை இழுத்துக்கொண்டது. 1859-ல் பென்சில்வேனியாவில் மண்ணெண்ணெய்க்குரிய எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. 1869-ல் அத்தீவின் கடைசி வேட்டைக் கப்பல் புறப்பட்டுச் சென்றது. மெல்வில்லோ நூல் விற்காமல், 1866 முதல் 19 ஆண்டுகள் நியூயார்க்குச் சுங்கத்துறையிலே ஆய்வாளராகப் பணியாற்றினார். உலகம் போற்றும் நூலை எழுதியவர் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாழ்ந்தார் என்பதில் எங்களைப் போன்றோர்க்கு ஒரு தனி நெருக்கம் உண்டு.

இந்த இடத்தில், சென்ற செயற்குழுக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு வர வேண்டும். நம் சங்க நூலகத்துக் கணிப்பொறியில் சனிக்கிழமை தோறும் மாணவர்கள் இவ்விளையாட்டை ஆடுகின்றனர். "குறளும் ஜீவகாருண்யமும் படிக்க வேண்டிய இடத்தில் கொலையைக் கற்பிப்பதா? நிறுத்திவிடுங்கள்" என்றார் அவர். அவர் கேட்டது நியாயமான வினா. அதனைச் சிரித்துத் தள்ளிய இளைஞர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் நிறுத்த வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு இருபதாம் நூற்றாண்டுக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணெண்ணெய் வந்ததால் திமிங்கிலம் பிழைத்தது என்று பலர் எண்ணுகின்றனர். நடந்தது வேறு. நார்வே நாட்டு ஸ்வெண்ட் ஃபாயின் 1860-களிலே நீராவிக் கப்பலையும் வெடிக்கும் ஈட்டியையும் ஒன்று சேர்த்தார். எங்கள் எஞ்சினை ஓட்டிய அதே நீராவிதான்! பாய்மரத்துக்கு எட்டாத வேகத்தில் ஓடும் நீலத் திமிங்கிலமும் அதற்குப் பின் தப்பவில்லை. எண்ணெய் விளக்கிலிருந்து விலகி, சோப்புக்கும் மார்கரினுக்கும் போயிற்று. பெருந்தலைத் திமிங்கிலத்தின் கணக்கை மட்டும் சொல்கிறேன். பாய்மரக் காலத்தில் ஏறத்தாழ 3 லட்சம் கொல்லப்பட்டிருக்கும் என்பது மதிப்பீடு. அதற்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அதே எண்ணிக்கையை 1900 முதல் 1962 வரை, அறுபது ஆண்டுகளில், எட்டினார்கள். 1962-க்கும் 1972-க்கும் இடையே பத்தே ஆண்டுகளில் மறுபடியும் அதே எண்ணிக்கை. எல்லா இனங்களையும் சேர்த்து அந்நூற்றாண்டில் ஏறத்தாழ 29 லட்சம்.

இவ்வளவு பெரிய எண் நமக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கதையின் உள்ளீடு. சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் அனைத்துலக ஆணையத்துக்கு ஒரு கணக்கைக் கொடுத்தன. தம்மிடம் வேறொரு கணக்கை வைத்திருந்தன. ஏறத்தாழ 1,80,000 திமிங்கிலங்கள் வெளியே காட்டப்படவில்லை. சாணக்கியர் தம் அர்த்தசாஸ்திரத்திலே அரசாங்கப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் கூறியிருக்கிறார். அவர் பெயர் கொண்ட ஊரிலே நின்று, இதை நாற்பத்தொன்றாவது வழி என்று சேர்த்துக்கொள்ளலாம். எதற்காகச் செய்தார்கள்? வயிற்றுப் பசிக்காகவா? இறைச்சியில் பெரும்பகுதி வீணே கடலில் போயிற்று. திட்டத்தில் குறித்த அளவை எட்ட வேண்டும், எட்டினால் ஊக்கத்தொகை, அடுத்த ஆண்டு இன்னும் உயர்ந்த அளவு, அவ்வளவே. இரவு பத்தரை மணிக்கு என்னை இழுத்த அதே நிரம்பாத கட்டம்தான் ஒரு பேரரசையும் இழுத்திருக்கிறது.

இது எங்கோ தென்துருவத்தில் மட்டும் நடந்ததன்று. 1966 நவம்பர் மாதத்தில், நம் அரபிக்கடலிலே, அக்கப்பல்கள் 238 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. மற்றக் கடல்களின் கூன்முதுகுகள் ஆண்டுதோறும் நெடுந்தூரம் வலசை போகும். அரபிக்கடலுக்குரியவை வலசை போகாமல் இங்கேயே வாழ்பவை. ஒரே மாதத்தில் நேர்ந்த அந்த இழப்பிலிருந்து அவை இன்னும் மீளவில்லை. ஓமன் கரையோரத்தில் எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு என மதிப்பிடுகின்றனர். 1966-ல் எந்தத் துறைமுகத்திலும் யாருக்கும் இது தெரியாது. 1993-ல் அலெக்சி யாப்லகோவ் என்னும் ரஷ்ய அறிவியலாளர் உண்மையை வெளியிட்ட பிறகே உலகம் அறிந்தது. அவ்வாறு வெளியிட முடிந்ததற்குக் காரணம், கப்பல்களில் பணியாற்றிய சில ஆய்வாளர்கள் உண்மை ஏடுகளை அழிய விடாமல் காத்தமையே. அவர்களுள் ஒருவர், எரித்துவிடும்படி சொல்லப்பட்ட தாள்களைத் தம் வீட்டு நிலவறையில், உருளைக்கிழங்குக் குவியலுக்கிடையே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்.

அதைப் படித்தபோது எனக்கு ஒரு முதிய எழுத்தர் நினைவுக்கு வந்தார். பல ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு சரக்குக் கொட்டகையிலே எனக்கு வேலை பழக்கியவர் அவர். வந்த சரக்கின் எடையைக் குறைத்து எழுதும்படி மேலிடத்திலிருந்து ஜாடை வந்தது. அவர் தராசில் கண்டதையே எழுதினார். ஒரு மாதத்துக்குள் வண்டி இரண்டே நிற்கும் ஒரு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். போகும்போது கார்பன் நகலை ஒரு பழைய நாளிதழில் சுற்றி என்னிடம் கொடுத்து, "தம்பி, யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் இருக்கட்டும்" என்றார். யாரும் கேட்கவில்லை. அந்நகல் இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

நாணயமாக எழுதிய ஏடு, எழுதியவன் எண்ணியிராத பயனையும் தரும். முத்திரை குத்திய அப்பழைய அமெரிக்க நாட்குறிப்புகளை எடுத்துக்கொண்டு, 2021-ல் ஹால் வைட்ஹெட் முதலான ஆய்வாளர்கள் வடபசிபிக் கடலின் கணக்கைப் பார்த்தனர். ஒரு புதிய கடற்பகுதியில் வேட்டை தொடங்கி இரண்டரை ஆண்டுக்குள், ஈட்டி தைக்கும் விகிதம் 58 விழுக்காடு வீழ்ந்திருந்தது. வேட்டையாடுபவர்களின் திறமை குறையவில்லை. முதலில் சென்றவர்கள் மட்டும் கைதேர்ந்தவர்கள் என்பதற்கும் சான்றில்லை. ஆய்வாளர் கூறும் விளக்கம் இது: திமிங்கிலங்கள் கற்றுக்கொண்டன, அடிபட்டவை அடிபடாதவற்றுக்கும் கற்றுக்கொடுத்தன. கொலைத் திமிங்கிலம் தாக்க வந்தால் அவை கன்றை நடுவில் வைத்து வளையமாக நிற்கும். ஈட்டிக்காரனுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. எனவே அவை வளையத்தை விட்டு, காற்று வரும் திசையை நோக்கி விரைந்தன. பாய்மரம் அங்கே பின்தொடர முடியாது. வால் முத்திரைகள் ஏட்டிலே பெருகியதன் பொருள் அதுதான். எண்ணெய்க் கணக்கு எழுதியவன், எதிர்த்தரப்பின் அறிவுக்கும் சாட்சி எழுதி வைத்திருக்கிறான்.

பெரியவர் வினாவுக்கு என் விடை இதிலிருந்தே பிறக்கிறது. இக்கதையை நான் மேடையிலே சொன்னால் இளைஞர்கள் கொட்டாவி விடுவார்கள். இதோ பின்வரிசையில் இருவர் விடுகிறார்கள். அதே கதையை அவர்கள் கையாலே ஆடும்போது, எண் தம்மை இழுப்பதை அவர்களே உணர்கிறார்கள். உணர்ந்தவனிடம் பேசலாம்.

என் ஊர் உடன்குடிப் பக்கம். அதன் கரையிலே 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. என் தந்தையார் அதைச் சொல்லுவார். மறுபடியும் 2016 ஜனவரியில், திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு முதலான கடற்கரையில் ஏறத்தாழ 80 ஒதுங்கின. மீனவர்கள் படகில் கயிறு கட்டி இழுத்தும், கையால் தள்ளியும் அவற்றை ஆழ்கடலில் விட்டனர். விட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. மீண்டும் இழுத்துச் சென்றனர். பாதிக்கு மேல் மாண்டன. நம் பரதவர் கொல்லாமை நோன்பிகள் அல்லர். பட்டினப்பாலைக் காலத்திலேயே சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டவர்கள், சுறாவை வேட்டையாடியவர்கள். ஆனால் திமிங்கிலம் அவர்கள் கணக்கிலே பொருளாக ஏறியதில்லை. கடல்படு பொருள் ஐந்தனுள் ஓர்க்கோலை என்று நம் பழம் உரைகள் எண்ணுவது திமிங்கிலத்தின் வயிற்றில் விளையும் அம்பர்தான். அதுவும் அலை கொணர்ந்து போட்டதைப் பொறுக்கிய பொருள். இன்று அதைப் பொறுக்கி விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நாளிதழில் அவ்வப்போது பிடிபட்ட செய்தி வருகிறது. 1979-ல் செஷல்ஸ் நாட்டின் முயற்சியால் இந்துமாகடல் முழுவதும், தெற்கே 55-ஆம் பாகை வரை, வாணிக வேட்டைக்கு மூடப்பட்டது என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்கட்டும். திருகோணமலையின் கடலிலே இன்று நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கப் படகேறிப் போகிறார்கள்.

செயற்குழு எனக்கு இட்ட பணியோடு முடிக்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் ஆட்டம் வழக்கம் போல் நடைபெறும். கணிப்பொறிக்கு அருகே, நான் கோடு போட்டுக் கொண்டுவந்து வைத்துள்ள நீண்ட ஏடு ஒன்று இருக்கும். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேட்டைக்குப் பின்னும் அதில் எழுத வேண்டும்: எந்தக் கடல், எந்த இனம், விற்ற விலை, மாண்ட ஆட்கள். திரை கேட்காத இரண்டு பத்தியையும் சேர்த்திருக்கிறேன். ஒன்று, அக்கடலில் அவ்வினம் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது; அதற்கு நூலக அலமாரியில் தேடிப் படிக்க வேண்டும். மற்றொன்று, தப்பியவற்றுக்கு உரியது. வால் வடிவத்தில் ஒரு முத்திரையைப் பஹாட்கஞ்சிலே செய்யச் சொல்லியிருக்கிறேன். வரும் வியாழனன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வினா எழுப்பிய பெரியவரே முதல் பக்கத்தைத் தொடங்கி வைக்க இசைந்திருக்கிறார்.